நோர்மன் காணாத சண்டை

ஐரிஸ் ஞானரட்ணத்துக்கு ஏன் கலியாணம் நடக்கவில்லை என்று ஊரில் பலரும் பலவிதமாகச் சொல்லிக்கொண்டார்கள். சீதனம் காணாது என்றார்கள், படித்த செருக்கு என்றார்கள். காரணம் அவர்களுடைய முன்னறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சீருடையும் தொப்பியுமாக அவளுடைய அண்ணன் நோர்மன்.

எஞ்சினியரிங் படிக்க இங்கிலாந்துக்குப் போனவன் அவன். அங்கே இருக்கும்போதே யுத்தம் தொடங்கிவிட்டது. பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்து சப்-லெப்டினன்ட் ஆனான். 1944 இல் அவன் வேலை செய்த ‘ஸ்பின்ட்ரிஃப்ட்’ என்ற நீர்மூழ்கிக் கப்பல் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து மலாயாப் பக்கம் போய்வந்துகொண்டிருந்தது. ஒக்டோபரில் போனது திரும்பி வரவில்லை.

தந்தியில் இறந்துவிட்டார் என்று இருக்கவில்லை. காணவில்லை என்றுதான் இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அப்பா ஏழு வருடம் இருந்தார். ஐரிசுக்கு அந்த டிசம்பரில் மானிப்பாய் டொக்டர் ஒருவரோடு கலியாணம் நிச்சயமாகியிருந்தது. “என்ரை மகன் வராமல் இந்த வீட்டிலை ஒரு கொண்டாட்டமும் இல்லை” என்று அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றரை வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறிடத்தில் செய்துகொண்டார்கள். அவர்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பா சாகும்வரை கேற்றில் சத்தம் கேட்டால் எழும்பிப் போய்ப் பார்த்தார். அவர் போனபோது ஐரிசுக்கு இருபத்தேழு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ரீச்சர். அதற்கு மேலாக, நோர்மனுடைய தங்கை. பள்ளிக்கூடத்திலிருந்து அவளுக்கு ஓய்வு கிடைத்தது. மற்ற உத்தியோகத்திலிருந்து கிடைக்கவில்லை.

அவர்களுடைய கோயிற் சுவரில் நோர்மனுடைய பெயர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. நவம்பர் மாதம் இரண்டாம் ஞாயிறு போதகர் அந்தப் பெயரை வாசிக்க, சபை எழுந்து நிற்கும். பிறகு ஒரு கதை சொல்லப்படும். காணாமற்போவதற்கு முந்தின மாதம் நோர்மன் ஐந்து நாள் லீவில் வீட்டுக்கு வந்திருந்தான். கிணற்றடியில் சவரம் செய்துகொண்டு நின்றவனிடம் ஐரிஸ், “சண்டை எப்பிடி அண்ணை இருக்கும்?” என்று கேட்டாள். அவன் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல், “நான் இன்னும் ஒரு சண்டையும் காணேல்லை” என்றான். அவ்வளவுதான் கதை. எத்தனை தாழ்மை பாருங்கள் என்று அப்பா வந்தவர் போனவருக்கெல்லாம் அதைச் சொன்னார். போதகர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறிப்போனார்கள். அந்த வசனத்தை ஒருவரும் கைவிடவில்லை. தாழ்மையைப் பற்றிப் பிரசங்கிக்க இதைவிட வாய்ப்பான உதாரணம் அவர்களுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கவில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் வீட்டைக் கொளுத்த, கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கிய தங்கை சீலாவும் இப்போது ஐரிசோடு இருந்தாள். புருசனை முன்னமே பறிகொடுத்தவள். இரண்டு பேருக்கும் பேச அதிகம் இருக்கவில்லை. நோர்மனைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

எண்பத்தைந்தில், இலண்டனில் இருந்த பழைய மாணவி ஒருத்தி, நீர்மூழ்கிகளில் வேலை செய்து இளைப்பாறியவர்கள் நடத்தும் பத்திரிகை ஒன்றின் விலாசத்தை அனுப்பினாள். ஐரிஸ் எழுதிப்போட்டாள். ஸ்பின்ட்ரிஃப்டில் இருந்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா, அது எந்த இடத்தில் கடலுக்குள் தாண்டது என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள். இடம் தெரிந்தால் போதும் என்பது அவளுடைய எண்ணம். ஒரு வருடமாகப் பதில் வரவில்லை.

அந்த வருடத்தில்தான் அருமைநாயகியின் புருசன் போனான்.

அருமைநாயகி குருநகரிலிருந்து மினிவானில் மீன்கடகத்தோடு மருதனார்மடச் சந்தைக்கு வருகிறவள். விற்று மிஞ்சுவதைத் திங்களும் வியாழனும் ஐரிசின் வீட்டுக்குக் கொண்டுவருவாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல வாய். மீன் புதிதா என்று கேட்டால், “காலமை மட்டும் செபம் சொல்லிக்கொண்டிருந்த மீன் ரீச்சர்” என்பாள். எண்பத்தாறு ஆனியில் மூன்று கிழமை அவளைக் காணவில்லை. நாலாங்கிழமை கறுப்புச் சேலையோடு, கடகமில்லாமல் வந்து படியில் இருந்தாள்.

புருசன் சூசைதாசனும் வேறு மூன்று பேரும் விடியற்காலை நண்டுவலை எடுக்கப் போயிருக்கிறார்கள். கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம். கடற்படையின் ரோந்துப் படகு ஒன்று வந்திருக்கிறது. நாலு பேரில் செபநாயகம் என்ற ஒருவன் மட்டும் நீந்திக் கரைக்கு வந்தான். அவன் சொல்லித்தான் மற்றதெல்லாம் தெரியும்.

“வலையைத் தூக்கிக் காட்டினவையாம் ரீச்சர். அவங்கள் என்னவோ கத்தினவங்களாம். என்ன பாசையெண்டு இவையளுக்கு விளங்கேல்லை. என்ரை மனுசன் கையைத் தூக்கிக்கொண்டு எழும்பி நிண்டவர்.”

“பிறகு?” என்று ஐரிஸ் கேட்டாள். கேட்டபிறகுதான் கேட்டிருக்க வேண்டாமே என்று பட்டது.

“பிறகென்ன. வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை. தமிழிலை ஒரு சொல்லு, குதியெண்டு சொல்லியிருந்தா அவர் குதிச்சிருப்பார். செபநாயகத்தைவிட அவர் நல்லா நீந்துவார்.”

அவள் வந்தது ஒரு மனு எழுதுவிக்க. ஜெனீவாவிலுள்ள மனித உரிமை ஆணைக்குழுவுக்கு இங்கிலீசில் எழுதவேண்டும். பங்குச் சுவாமியார் ஏற்கெனவே எத்தனையோ பேருக்கு எழுதிக் களைத்துப்போனார்.

“எங்கடை அண்ணையும் கடலிலைதான் போனவர்” என்றாள் ஐரிஸ். “எனக்கு விளங்கும் அருமை.”

அருமைநாயகி உள்ளே சுவரை எட்டிப் பார்த்தாள். “அவற்றை உடம்பும் கிடைக்கேல்லையோ?”

“இல்லை. நீர் உள்ளுக்கு வந்து கதிரையிலை இரும்.”

பத்து வருடமாக அந்த வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள் அன்றுதான் முதன்முதலாக அங்கே கதிரையில் இருந்தாள். ஐரிஸ் கடுதாசி எடுத்து எழுதத் தொடங்கினாள். கோபத்தில் இங்கிலீஷ் அவளுக்கு நன்றாக வரும். ஆயுதமில்லாத மனிதர், சிறிய வள்ளம், வலையைத் தவிர ஒன்றுமில்லை என்று எழுதி, அந்தப் பந்தியின் முடிவில், இதைச் செய்தவர்கள் மனிதர் அல்லர் என்று ஒரு வரி போட்டாள். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். கடைசி வரிக்கு அருமைநாயகி தலையாட்டினாள். மிச்சத்தைத் திருத்தி எழுதி, கையெழுத்து வாங்கத் தானே குருநகருக்கு வருவதாக ஐரிஸ் சொல்லி அனுப்பினாள்.

திருத்தி எழுதுவதற்குள் இங்கிலாந்துக் கடிதம் வந்துவிட்டது. உறையை யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள்.

எழுதியவர் பெயர் லெனார்ட் பைக். ஸ்பின்ட்ரிஃப்டில் சமிக்ஞை அனுப்புகிறவராக இருந்தவர். கடைசிப் பயணத்தின்போது மலேரியாவோடு திருகோணமலை ஆசுபத்திரியில் கிடந்ததால் தப்பியவர். இப்போது மனைவி இல்லை, தோட்டம் செய்கிறாராம். ஆறு பக்கம் எழுதியிருந்தார். கப்பல் எங்கே தாண்டது என்று ஒருவருக்கும் தெரியாது, கண்ணிவெடியாக இருக்கலாம் என்றார். அதைச் சொல்ல முடியாமற் போனதற்கு ஈடாக, தான் கூடப் போன முந்தின பயணத்தைப் பற்றி விபரமாக எழுதியிருந்தார். ஒரு தங்கைக்குச் சந்தோசம் கொடுக்கும் என்று நினைத்துத்தான் எழுதினார். அதில் கொஞ்சமும் கள்ளமில்லை.

பெரிய கப்பல்கள் அப்போது அந்தக் கடலில் இல்லை. யப்பான்காரர் சாமான்களைப் பாய்க்கப்பல்களிலும் வள்ளங்களிலும் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே நீர்மூழ்கி மேலே வந்து, மேல்தட்டிலிருந்த பீரங்கியால் அவற்றைச் சுட்டது. அந்த ஒரு பயணத்தில் பதினொன்று. பீரங்கிக்குப் பொறுப்பான அதிகாரி நோர்மன். பைக் களவாக வைத்திருந்த நாட்குறிப்பைப் பார்த்துப் பட்டியலை அப்படியே எழுதியிருந்தார். பாய்க்கப்பல், நாற்பது தொன், அரிசி. பாய்க்கப்பல், இருபத்தைந்து தொன், கருவாடு. சிறிய வள்ளம், சரக்குத் தெரியவில்லை. ஆட்கள் இறங்குவதற்குப் பெரும்பாலும் நேரம் கொடுத்தோம் என்றும் இருந்தது.

ஒரு பாய்க்கப்பலின் பின்பக்கத்தில் நின்ற கிழவன் ஒருவன் கைகூப்பிக்கொண்டு ஏதோ சொன்னானாம். அதைக் கேட்டதும் உங்கள் சகோதரரின் முகம் மாறிவிட்டது, அவன் பேசியது உங்கள் பாஷை என்று பிறகு சொன்னார் என்று பைக் எழுதியிருந்தார். ஒலிபெருக்கிக் குழலை வாங்கி அவரும் அதே பாஷையில் கூப்பிட்டுச் சொன்னார். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னதால் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. உங்களுக்குப் பொருள் தெரிந்திருக்கும்.

இங்கிலீஷ் எழுத்தில் இருந்த அந்தச் சொல் ஐரிசுக்குக் கண்ணால் பார்த்துப் பிடிபடவில்லை. வாய்விட்டு வாசித்துப் பார்த்தாள்.

குதியுங்கோ.

சிலர் குதித்தார்கள், கிழவனும் இன்னும் இரண்டு பேரும் குதிக்கவில்லை. விமானம் வரும் என்று கப்டன் அவசரப்படுத்தினார். உங்கள் சகோதரர் கட்டளை கொடுத்தார். மூன்றாவது குண்டு சரியாகப் பட்டது. எந்த வேலையையும் சுருக்காகவும் அமைதியாகவும் முடிக்கிற அதிகாரி அவர்.

பைக்கின் கணக்குப்படி அந்தப் பயணம் முடிந்து துறைமுகத்துக்கு வந்தது செப்டெம்பர் ஒன்பதாம் திகதி. நோர்மன் லீவில் வீட்டுக்கு வந்தது பதினாலாம் திகதி. ஐரிஸ் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஐந்து நாளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டு வெயிலேறத்தான் வருவான். அம்மா சமைத்ததில் பாதியை வைத்துவிட்டு எழும்புவான். களைப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். கிணற்றடியில் அவன் சொன்னது தாழ்மை இல்லை. நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறான். சண்டை பிடிக்க எதிரில் ஒருவர் இருக்கவேண்டும். அவளுக்கு அப்போது இருபது வயது. இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்காமல், துவாயைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கடிதத்தை வாசித்த சீலா அதை மடித்து மேசையில் வைத்தாள்.

“எரிச்சுப் போடுங்கோ அக்கா.”

“ஏன்?”

“வேறென்ன செய்யப் போறியள்? சட்டம் போட்டு மாட்டப் போறியளோ? உது யுத்தம். மேலையிருந்து சொன்னதை அண்ணை செய்தவர். அந்தக் கிழவனைக் குதிக்கச் சொல்லித்தானே கத்தினவர்?”

“ஓம். மரியாதையாத்தான் சொல்லியிருக்கிறார்.”

“அதை ஏன் இப்பிடி நக்கலாச் சொல்லுறியள்?”

“உன்ரை வீட்டை எரிச்சவங்களும் வெளியிலை வரச் சொல்லிப்போட்டுத்தானே எரிச்சவங்கள்?”

சீலா எழும்பிக் குசினிக்குள் போனாள். மூன்று நாளாக அக்காவோடு கதைக்கவில்லை.

ஐரிஸ் மனுவைத் திருத்தி எழுத இருந்தாள். வள்ளத்தின் அளவு, நேரம், ஆட்களின் வயது எல்லாம் ஒழுங்காக வந்தன. இதைச் செய்தவர்கள் மனிதர் அல்லர் என்ற வரிக்கு வந்ததும் பேனை நின்றது. அது இங்கிலீசில் நல்ல வரி. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதை விட்டுவிட்டு அடுத்த பந்தியை எழுதினாள். மனுவில் இப்படி உணர்ச்சியான வசனங்கள் கூடாது என்று தனக்கே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை குருநகருக்குப் போனாள். கடற்கரைப் பக்கம் ஒழுங்கைக்குள் தகரக்கூரை போட்ட சின்ன வீடு. மேசையில் சூசைதாசனின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து வைத்து மெழுகுதிரி கொளுத்தியிருந்தார்கள். வேறு படம் இல்லையாம். ஐரிஸ் மனுவைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள். அருமைநாயகி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

“ஒண்டு குறையுது ரீச்சர்.”

“என்ன?”

“மனிசரில்லை எண்டு அண்டைக்கு எழுதினனீங்கள். அதைக் காணேல்லை.”

உணர்ச்சி வசனம் கூடாது என்று சொல்லியிருக்கலாம். அருமைநாயகி நம்பியிருப்பாள். ஐரிஸ் அப்படிச் சொல்லவில்லை. பைக்கின் கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, எதையும் ஒளிக்காமல், பதினொரு வள்ளத்தையும் கருவாட்டையும் கிழவனையும் அந்தச் சொல்லையும் சொல்லி முடித்தாள். சொல்லும்போது அழுகை வந்தது. அருமைநாயகியின் கண்ணில் ஒரு சொட்டும் இல்லை.

“அந்த ஆக்களின்ரை பேர் கிடக்கோ அதிலை?”

“இல்லை. எத்தினை தொன் எண்டுதான் கிடக்கு.”

அருமைநாயகி புருசனின் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, சத்தத்தை உயர்த்தாமலே சொன்னாள்.

“இதை ஏன் எனக்குச் சொன்னனீங்கள் ரீச்சர்? உங்கடை பாரத்தை இறக்கிவைக்க என்ரை வீடோ கிடைச்சது? நான் என்ன சொல்லவேணும்? பறவாயில்லை எண்டோ?”

“நான் அப்பிடி நினைக்கேல்லை.”

“நினைச்சுத்தான் வந்தனீங்கள். எனக்கு நாலு பிள்ளையள். எனக்கு என்ரை பாரம் காணும்.” அவள் கடுதாசியை ஐரிசின் பக்கம் தள்ளினாள். “அந்த வரியைத் திருப்பி எழுதுங்கோ.”

ஐரிஸ் பேனையை எடுத்தாள். இடம் இருக்கவில்லை. ஓரத்தில் நெருக்கி, ஒரு அம்புக்குறி போட்டு எழுதினாள். முதல்தரம் எழுதியபோது பேனை ஓடியது. இப்போது ஒவ்வொரு சொல்லாக எழுத வேண்டியிருந்தது. கையெழுத்து அவளுடையது போலவே இருக்கவில்லை. அருமைநாயகி அதற்குக் கீழே எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் போட்டாள்.

அதற்குப் பிறகு திங்களும் வியாழனும் அவள் வரவில்லை. சந்தையில் ஐரிசைக் கண்டால் முகத்தைத் திருப்பவில்லை; மற்ற ஆட்களைப் போல விலை சொன்னாள், நிறுத்துக் கொடுத்தாள். செபம் சொன்ன மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் வந்தது. ஐரிஸ் போதகரிடம் போய், பெயரை வாசியுங்கள், அந்தக் கிணற்றடிக் கதையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டாள். ஏன் என்று கேட்டார். கடிதத்தைக் கொடுத்தாள். அவர் நல்ல மனிதர், முப்பது வயதுகூட ஆகாதவர். முழுவதையும் வாசித்துவிட்டுக் கவனமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இதை ஆருக்கும் காட்டாதேங்கோ ரீச்சர். சனம் நொந்துபோய்க் கிடக்கிற நேரம். எங்கடை ஆக்களிலையும் ஒருத்தர் பெருமையா வாழ்ந்தவர் எண்டு வருசத்திலை ஒருநாள் கேக்கட்டுமன்.”

“உண்மையில்லாததையோ?”

“அவர் சொன்ன சொல்லு உண்மைதானே. நாங்கள் ஒண்டையும் கூட்டிச் சொல்லேல்லையே.”

ஞாயிற்றுக்கிழமை அவர் பெயரை வாசித்தார். எழும்புவதில்லை என்று முடிவோடுதான் ஐரிஸ் வந்திருந்தாள். “நோர்மன் ஞானரட்ணம்” என்று கேட்டதும், எல்லோருக்கும் முன்னதாக எழுந்து நின்றது அவள்தான். அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டுபோன அண்ணன். அதை என்ன செய்வது? போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு கிணற்றடிக் கதையைத் தொடங்கினார். ஐரிஸ் இருந்துவிட்டாள். முழுச் சபையும் நிற்க, முன்வரிசையில் அவள் மட்டும் இருந்தாள். சீலா குனிந்து சேலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். போதகர் ஒரு கணம் தடுமாறிவிட்டுக் கதையைக் கடைசிவரைக்கும் சொன்னார்.

வெளியே வந்ததும் இரண்டு மூன்று பெண்கள், தலைசுற்றோ ரீச்சர் என்று கேட்டார்கள்.

“இல்லை” என்றாள் ஐரிஸ். அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. வயது போகிறது என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஜெனீவாவின் பதில் எண்பத்தேழு மாசியில் ஐரிசின் விலாசத்துக்கு வந்தது. மனு கிடைத்தது, ஆழ்ந்த அனுதாபம். மேற்கொண்டு பார்ப்பதற்கு ரோந்துப் படகின் இலக்கமும் அதிலிருந்த அதிகாரியின் பெயரும் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவள் அதை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனாள். கோட்டை இராணுவ முகாமிலிருந்து இடைக்கிடை ஷெல் விழுந்துகொண்டிருந்த நாட்கள். ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அருமைநாயகியின் வீடும்தான். பக்கத்து வளவில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவன் தலையை நிமிர்த்தினான்.

“பிள்ளையளோடை மன்னாருக்குப் போட்டா. அங்கையிருந்து இந்தியாவுக்குப் போறதாத்தான் கதை. நீங்கள் ஆர்?”

ஐரிஸ் மனுவைப் பற்றிச் சொன்னாள். அவன்தான் செபநாயகம், நீந்தி வந்தவன். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டான். அவள் நின்றபடியே வாசித்துத் தமிழில் சொன்னாள்.

“அதிகாரியின்ரை பேரோ?” அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். “அங்கை நிண்டவனிட்டைப் பேரைக் கேட்டு எழுதிவைக்க எனக்கு நேரம் கிடைக்கேல்லை எண்டு எழுதுங்கோ.”

ஐரிஸ் கடிதத்தை மடித்தாள்.

“அருமையக்கா உங்களைப் பற்றிச் சொன்னவ” என்றான் அவன். “நீங்கள் ஒரு நேவி அதிகாரியின்ரை தங்கச்சியாம்.”

“ஓம்” என்றாள் ஐரிஸ்.

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து வலையை இழுத்தான். அவள் மினிவான் பிடிக்கப் பெரிய தெருவுக்கு நடந்தாள்.